கெரங்காஸ் காட்டுக் கொனிபர்களை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தேடுவது எப்படி

படிப்பித்த காலத்தில் உயர்தரப் பிள்ளைகளைக் காரைநகர் கசூரினா கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் ஒரே சோதனைதான் வைப்பேன். சவுக்கு மரத்தடியில் நிறுத்தி, "இது வித்துமூடியிலியா, பூக்கும் தாவரமா?" என்று கேட்பேன். அநேகமாக எல்லாரும் ஒரே குரலில், "கொனிபர்தான் டீச்சர், இலை ஊசி ஊசியா இருக்கு, கீழே கூம்பும் கிடக்கு" என்பார்கள். பிறகு ஒரு 'ஊசி'யைப் பிடுங்கி மெதுவாக இழுக்கச் சொல்லுவேன். டக்கென்று ஒரு கணுவில் கழன்று வரும். திரும்பச் செருகினால் ஒன்றும் நடக்காதது போல நிற்கும். எங்கே கழன்றது என்று கண்டுபிடிக்கச் சொல்லி நாங்கள் சின்ன வயதில் விளையாடியது அதைத்தான். அந்தக் கணுவைக் கைவில்லையால் பார்த்தால் சுற்றிவர ஏழெட்டுக் குட்டிப் பற்கள் தெரியும். இலை என்பது அந்தப் பற்கள்தான். ஊசி என்று நினைத்தது பச்சைக் கிளை. சவுக்கு பூக்கும் தாவரம், வேறு பேச்சில்லை.

இவ்வளவு வடிவாகப் படிப்பித்த நானே பிறகு போர்ணியோத் தீவில் உள்ள மலேசிய மாநிலமான சரவாக்கில் ஒரு காட்டுக்குள் நின்று இதே பிழையை விட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இலங்கையில் இயற்கையாக வளரும் கொனிபர், அதாவது பூக்காமல் விதை தரும் பைன் சாதி மரம், ஒன்றுகூட இல்லை. மலைநாட்டுப் பைன் தோட்டங்கள், நத்தாருக்குச் சோடிக்கும் அரோக்காரியா எல்லாம் வெளியில் இருந்து வந்தவை. தீபகற்ப இந்தியாவிலும் சொந்தமாக ஒன்றே ஒன்றுதான், மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்கும் நாகேயா வாலிச்சியானா. அப்படியிருக்க, ஓய்வுபெற்ற ஒரு யாழ்ப்பாணத்து உயிரியல் ஆசிரியைக்கு இந்தக் கதை எதற்கு? என் தம்பி சரவாக்கின் தலைநகர் கூச்சிங்கில் இருக்கிறான், அது ஒரு காரணம். மற்றது, பழைய மாணவி ஒருத்தி தன் பட்டப்படிப்புச் செயற்றிட்டத்துக்கு ஆபத்தில் இருக்கும் வெப்பவலயக் கொனிபர்களின் பரம்பலை எடுத்துக்கொண்டு, உதவி கேட்டு வந்தாள். அவள் பட்டம் வாங்கிப் போய்விட்டாள். எக்செல் பைல் என்னிடம் தங்கிவிட்டது. அதில் வேலை செய்யச் செய்யப் பிடிபட்டதைத்தான் எழுதுகிறேன். வீட்டில் இருந்தபடி ஒரு மரத்தின் வரைபடத்தைச் செய்ய நினைக்கிற யாருக்கும் இது போதும். செலவு இன்ரர்நெற் காசு மட்டும்.

முதலில் மண்

கொனிபர் என்றதும் பனியும் மலையும் நினைவுக்கு வரும். போர்ணியோவில் கடல் மட்டத்திலேயே, நுளம்பும் வெக்கையுமான இடத்தில் அவை நிற்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. நல்ல மண்ணில் டிப்ரெரோகார்ப் குடும்பத்துப் பெரிய மரங்கள் வெளிச்சத்தை எல்லாம் பிடித்துவிடும். ஆறுதலாக வளரும் கொனிபருக்கு அங்கே இடம் கிடைக்காது. மற்றவர்களுக்கு வேண்டாத மண்ணில்தான் அதன் காலம். அப்படி இரண்டு மண் உண்டு.

ஒன்று கெரங்காஸ். இது சரவாக்கின் இபான் பழங்குடி மக்களின் சொல், நெல் விளையாத நிலம் என்று பொருள். அடியில் வெள்ளைக் குவாற்ஸ் மணல். மேலே கறுப்பாக அரைகுறையாய் உக்கிய இலைக்குப்பை, அதற்குக் கீழே சீனி போல வெளிறிய மணல், அதற்கும் கீழே கோப்பி நிறத்தில் இறுகிப்போன தட்டு. மண்ணியலில் இதைப் பொட்சோல் என்பார்கள். மழை பெய்தால் தண்ணீர் அந்தத் தட்டில் தேங்கி வேர் மூழ்கும். நாலு நாள் வெயில் எறித்தால் மணல் காய்ந்து வேர் தவிக்கும். வெள்ளமும் வறட்சியும் ஒரே கிழமைக்குள். அமிலமும் கூடுதல், மேல்மண்ணின் பிஎச் 4ஐச் சுற்றியும் அதற்குக் கீழும் நிற்கும். மரங்கள் கம்பு கம்பாக ஒல்லியாய், இலை சின்னதாய் தடித்ததாய் இருக்கும். காட்டுக்குள் வெளிச்சம் விழும். மண்ணில் நைதரசன் இல்லாத குறையைக் கெண்டித் தாவரங்கள் பூச்சி பிடித்துத் தீர்க்கின்றன. சில செடிகள் எறும்புக்குத் தண்டுக்குள் வீடு கொடுத்து, எறும்பு விட்டுப்போகும் கழிவை உரமாக எடுக்கின்றன.

மற்றது பீட் சதுப்பு. தண்ணீர் தேங்கிய நிலத்தில் விழுகிற இலையும் கட்டையும் உக்காமல் வருடக்கணக்காகச் சேர்ந்து மேடாகிறது. சரவாக் கரையோரத்தில் கடல் மட்டம் அடங்கிய பிறகு, ஏறக்குறைய கடந்த 5,000 வருடங்களுக்குள் சேர்ந்தது இது. சில இடத்தில் ஆழம் 15 மீற்றரையும் தாண்டும். கவனிக்க வேண்டியது அதன் வடிவம். நடு உயர்ந்து, கவிழ்த்துவைத்த தாச்சி போல இருக்கும். ஆற்று வெள்ளம் நடுப்பகுதிக்கு ஏறாது, மழைத்தண்ணீரில் வருகிற சத்துத்தான் அங்கே சாப்பாடு. ஆகவே ஓரத்தில் உயர்ந்த காடு, உள்ளே போகப் போகக் குள்ளக் காடு. ஆண்டர்சன் என்ற காட்டியலாளர் 1960களில் இதை ஓரத்தில் இருந்து நடுவரை 6 கட்டங்களாகப் பிரித்தார். நடுவில் உள்ள குள்ளக் காடு பார்வைக்கும் இனங்களிலும் கெரங்காஸை ஒத்தது. ஒன்று மணல், மற்றது வெறும் தாவரக் குப்பை. ஆனால் இரண்டும் பட்டினி நிலம் என்பதால் ஒரே மரங்கள் சில இரண்டிலும் வரும்.

இது தலைக்குள் ஏறாமல் எத்தனை புள்ளியை வரைபடத்தில் போட்டும் பலனில்லை. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இன்னும் கஷ்டம், ஏனென்றால் எங்கள் மண் அதற்கு நேர் எதிர். எங்களுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், கேத்திலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கிற கிணற்றுத் தண்ணீர். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். காரைநகர்க் கடற்கரை மணல் ஒரு கரண்டி எடுத்து வினாகிரி விடுங்கள். குமிழி வரும், சிப்பித் துகளில் உள்ள சுண்ணாம்பு கரைகிறது. கெரங்காஸ் மணலில் விட்டால் ஒரு சத்தமும் இல்லை. நான் சின்னப் போத்தலில் வினாகிரி கொண்டுபோய்ச் செய்து பார்த்தேன். தம்பியின் மனைவி பாவம், மச்சாள் ஏதோ நேர்த்திக்கடன் வைத்திருக்கிறா என்று நினைத்திருப்பா.

இரண்டாவது அடையாளம் தண்ணீரின் நிறம். கெரங்காஸிலும் பீட்டிலும் இருந்து வருகிற ஓடை வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அழுக்கு இல்லை, உக்கிய இலையின் அமிலச் சாயம். களிமண் என்றால் அந்தச் சாயத்தைப் பிடித்து வைத்திருக்கும். மணலில் பிடிக்க ஒன்றுமில்லை, அப்படியே ஆற்றுக்கு வந்துவிடும். காயவைத்த தாவர மாதிரியோடு ஒட்டி வைக்கிற ஒரு பழைய சேகரிப்புச் சீட்டில் ஆற்று நீர் கறுப்பு என்று எழுதியிருந்தால் அது மண்ணைப் பற்றிய குறிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மரம், எந்தப் பெயர்

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடவேண்டாம். இரண்டு இனத்தை எடுங்கள்.

டக்ரிடியம் பெக்ரினேற்றம் முதலாவது. கெரங்காஸிலும் பீட் சதுப்பிலும் நிற்பது. மலேசிய மரக்கடையில் இந்தச் சாதி மரங்களுக்கு செம்பிலோர் என்று பெயர். இரண்டாவது அகதிஸ் போர்ணியென்சிஸ். சரவாக்கில் பின்டாங், மலாயாத் தீபகற்பத்தில் டமார் மின்யாக். போர்ணியோ, சுமாத்திரா, தீபகற்ப மலேசியா மூன்றிலும் உண்டு. கெரங்காஸில் கூட்டமாகவும், சாதாரண மழைக்காட்டு மலைச்சரிவில் அங்கொன்று இங்கொன்றாகவும் நிற்கும். டமார் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பிசின் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை போடுகிற குங்கிலியமும் மரப்பிசின்தான், ஆனால் அது வேறு குடும்பம். அகதிஸ் பிசினை மணிலா கோப்பல் என்று வார்னிசுக்கு விற்றார்கள். மரத்தின் இன்றைய கதையைச் சொன்னால் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். மருமகன் வாங்கிய மலிவு விலை எலெக்ரிக் கிற்றாரின் விபரச் சீட்டில், உடல் மரம் என்ற இடத்தில் அகதிஸ் என்று போட்டிருந்தது.

இரண்டு மரமும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'ஆபத்துக்குள்ளானது' என்ற படியில் இருக்கின்றன. இரண்டு பழகிய பிறகு பல்கற்றிபோலியம் அங்கஸ்ரம் போன்ற சரவாக்கில் மட்டும், அதுவும் ஒருசில இடத்தில் மட்டும் உள்ளவற்றுக்குப் போகலாம்.

பெயரில் ஒரு குழி இருக்கிறது. டக்ரிடியம் பெக்ரினேற்றத்தை டி லோபென்பெல்ஸ் என்ற தாவரவியலாளர் தனி இனமாகப் பிரித்தது 1969இல். அதற்கு முந்திய சீட்டுகளில் கனக்க டக்ரிடியம் ஏலேற்றம் என்றுதான் இருக்கும். ஆகவே புதிய பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பழைய பதிவுகள் தப்பிவிடும். பழைய பெயரில் வந்ததை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் வேறு இனம் உள்ளே வந்துவிடும். அகதிஸிலும் இதே கரைச்சல், அகதிஸ் அல்பா, அகதிஸ் பெக்காரியை என்று பழைய பெயர்கள். நான் செய்கிறது இதுதான்: எக்செலில் 'சீட்டில் உள்ள பெயர்', 'இன்றைய பெயர்', 'யார் திருத்தினது, எந்த ஆண்டு' என்று மூன்று நிரல். சீட்டில் உள்ளதை ஒருபோதும் அழிக்கமாட்டேன்.

இன்னொன்று. டக்ரிடியம் பெக்ரினேற்றம் சீனாவின் ஹைனான் தீவிலும் இருக்கிறது. அங்கே அது மலைக்காட்டு மரம், சதுப்பும் இல்லை, வெள்ளை மணலும் இல்லை. வாழிடம் என்ற நிரலை இனத்தின் பெயரைப் பார்த்து நிரப்பக் கூடாது, அந்தந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

புள்ளிகளோடு மல்லுக்கட்டுவது

தரவை ஜிபிஃப் என்ற உயிரினப் பதிவுகளின் உலகத் தரவுத்தளத்தில் இருந்து இலவசமாக இறக்கலாம். லெய்டன், லண்டன் கியூ, சிங்கப்பூர் என்று பல ஹெர்பேரியங்களின், அதாவது காயவைத்த தாவர மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடங்களின், பதிவுகளில் எண்ணிமப்படுத்தியவை அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். இறக்கினவுடன் வரைபடம் கீறிப் படம் எடுத்துப் போடத்தான் கை துடிக்கும். பொறுங்கள், முதல் ஒரு கிழமை துப்புரவு வேலை.

'உயிருள்ள மாதிரி' என்று குறித்த வரிகளை முதலில் எடுத்துவிடுங்கள், அவை பூங்காவில் நட்ட மரங்கள். பிறகு ஆள்கூறு முழு எண்ணாக முடிகிறவற்றைப் பாருங்கள். நாட்டின் நடுப்புள்ளியை யாரோ போட்டிருப்பார்கள். அடுத்தது, நகரத்துக்கு நடுவில் விழும் பழைய பதிவுகள். இத்தாலியரான பெக்காரி 1865 முதல் 1868 வரை சரவாக்கில் சேகரித்தார். அந்தக் காலத்துச் சீட்டில் 'சரவாக்' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால், பின்னால் ஆள்கூறு போட்டவர் கூச்சிங் நகரத்தில் குத்திவிடுவார். கூச்சிங் பட்டணத்து நடுவில் மரம் நிற்கிறது என்று அர்த்தமில்லை. அப்படியான வரிகளை அழிக்காமல் 'இடம் நிச்சயமில்லை' என்று குறித்து வரைபடத்தில் இருந்து மட்டும் விலக்குங்கள்.

கடலுக்குள் விழுகிற புள்ளி ஆபத்தில்லாதது, கண்ணில் பட்டுவிடும். ஆபத்தானது நிலத்திலேயே, நம்பக்கூடிய இடத்தில் விழுகிற பிழை. நான் விட்டது அப்படி ஒன்று. போர்ணியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில், மத்திய கலிமந்தானில் சாம்பிட் என்ற ஊர் இருக்கிறது. அதைச் சூழ்ந்த வெள்ளை மணலில் அகதிஸ் கூட்டமாக நின்று, பிறகு வெட்டுக்குப் போன பகுதி. அதன் ஆள்கூறு தெற்கு 2.5 பாகை, கிழக்கு 113 பாகை அளவில். கொப்பியில் இருந்து எக்செலுக்கு மாற்றும்போது கழித்தல் அடையாளத்தை விட்டுவிட்டேன். புள்ளி மத்திய கோட்டைத் தாண்டி வடக்கே போய், சரவாக்கின் உள்நாட்டில் அச்சாவாக உட்கார்ந்துகொண்டது. காடுள்ள இடம், அகதிஸ் உள்ள நாடு, எல்லாம் பொருந்துகிறது. மூன்று மாதம் அது அங்கேயே இருந்தது. சீட்டில் இருந்த ஊர்ப் பெயரையும் புள்ளி விழுந்த நாட்டையும் வரி வரியாக ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. ஆகவே மத்திய கோடு ஊடறுத்துப் போகிற போர்ணியோவில் வேலை செய்பவர்கள் கூட்டல் கழித்தல் அடையாளத்துக்கு ஒரு தனி நாள் ஒதுக்குங்கள்.

சீட்டு வாசிக்கக் கொஞ்சம் மலாயும் இந்தோனேசிய மொழியும் வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை. சுங்கை என்றால் ஆறு, புக்கிட் என்றால் குன்று, பாயா சதுப்பு, காம்புட் பீட், பாசிர் மணல், உலு ஆற்றின் மேற்பகுதி, தஞ்சோங் முனை, பாடாங் வெட்டவெளி. இந்த எட்டுச் சொல்லோடு முக்கால்வாசிச் சீட்டு பேசத் தொடங்கிவிடும். 'பாசிர்' என்று இருந்தும் வாழிடம் வெறுமையாக விடப்பட்ட பதிவுகளை நான் இந்த வழியில்தான் மீட்டேன். ஒன்று கவனம், பாடாங் என்பது சுமாத்திராவில் ஒரு நகரத்தின் பெயரும்கூட.

துப்புரவு முடிந்ததும் கூகிள் ஏர்த்தில் ஒவ்வொரு புள்ளியாகப் போய் இறங்குங்கள். இதுதான் முழு வேலையிலும் எனக்குப் பிடித்ததும் நெஞ்சு அடைப்பதும். 1950களில் யாரோ மரத்தில் ஏறிக் கொப்பு முறித்து, சீட்டு எழுதி, காயவைத்து அனுப்பிய இடம் திரையில் வரும். பீட் நிலத்தை வடித்துவிட்டார்கள் என்றால் ஸ்கேல் வைத்துக் கீறினது போலக் கால்வாய்கள் தெரியும். எண்ணெய்ப்பனைத் தோட்டம் கோலப் புள்ளி மாதிரி வரிசையாக இருக்கும். எரிந்துபோன கெரங்காஸில் வெள்ளைத் திட்டுகள் தெரியும், அந்த மணல் திரும்பக் காடாவது பெரும்பாடு. நேரக் கோட்டைப் பின்னுக்கு இழுத்தால் எந்த வருடம் போனது என்றும் பார்க்கலாம். குளோபல் பொரஸ்ட் வாட்ச் என்ற தளத்தில் 2001 தொடக்கம் மரமூடல் இழப்பும் பீட் படலமும் சேர்த்துப் பார்க்க வசதி உண்டு.

மத்திய கலிமந்தானில் புள்ளி விழுந்தால் கட்டாயம் கால்வாய் தேடுங்கள். இந்தோனேசிய அரசு 1995இல் அங்கே 10 லட்சம் ஹெக்டேயர் சதுப்பை நெல்வயலாக்கும் திட்டத்தைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கால்வாய் வெட்டியது. நெல் சரிவரவில்லை. தண்ணீர் வடிந்து காய்ந்த பீட் 1997–98 வறட்சியில் எரிந்தது. திட்டத்தையும் 1999இல் கைவிட்டார்கள். பீட்டில் தீ மேலே மட்டும் எரியாது, நிலத்துக்குள்ளேயே கனன்று வேரைத் தின்னும், மரம் நின்ற நிலையில் சாயும். நெல் விளையாத நிலம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பெயரே வைத்துவிட்டார்கள், தூரத்தில் இருந்து திட்டம் போட்டவர்களுக்குக் கேட்கவில்லை.

என் எக்செலில் கடைசியாகச் சேர்த்த நிரலுக்கு 'மண் இன்னும் இருக்கா?' என்று தலைப்பு. ஆம், இல்லை, அரைவாசி. மற்ற எல்லா நிரலையும் விட இதுதான் எனக்குப் பெரிது.

எண்களுக்கு அளவுக்கு மேல் மதிப்புக் கொடுக்காமல்

கியூ தோட்டத்தார் செய்த ஜியோகேட் என்ற இணையக் கருவியில் உங்கள் பைலை ஏற்றினால் இரண்டு எண் வரும். ஒன்று, வெளிப்புறப் புள்ளிகளைச் சுற்றிக் கயிறு கட்டினால் வரும் பரப்பு. மற்றது, 2 கிலோமீற்றருக்கு 2 கிலோமீற்றர் கட்டம் போட்டு, புள்ளி உள்ள கட்டங்களின் கூட்டுத்தொகை. சிவப்புப் பட்டியலில் 'ஆபத்துக்குள்ளானது' என்பதற்கு முதலாவது 5,000 சதுர கிலோமீற்றருக்கும் இரண்டாவது 500க்கும் குறைய வேண்டும். அதோடு வாழிடம் துண்டாவது, குறைவது போன்ற நிபந்தனைகளும் உண்டு.

இப்போது அகதிஸ் போர்ணியென்சிஸை ஏற்றிப் பாருங்கள். சுமாத்திராவில் இருந்து போர்ணியோ வரை கயிறு ஓடும், 5,000க்குக் கிட்டவும் வராது. மாணவி இந்த இடத்தில்தான் குழம்பிப் போய், "அப்ப ஏன் டீச்சர் ஆபத்து என்று போட்டிருக்கு?" என்று கேட்டாள். சிவப்புப் பட்டியலில் வேறு ஒரு கதவும் இருக்கிறது. மூன்று தலைமுறைக் காலத்துக்குள் தொகை 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைந்தாலும் அதே படி. மரத்தின் தலைமுறை நீண்டது, ஆகவே கணக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலும் பின்னுக்குப் போகும். இந்த மரம் உள்ளே வந்தது அந்தக் கதவால். பரப்பு அகலம், ஆனால் அதற்குள் மரம் நின்ற நிலம் ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. கயிற்றுக் கணக்கு அதைக் காட்டாது, நீங்கள் புள்ளி புள்ளியாகப் போட்ட 'மண் இன்னும் இருக்கா?' காட்டும்.

போகக் கிடைத்தால்

வெளிக்கிட முதல் ஒரு பயிற்சி. பேராதனைப் பூங்காவில் அகதிஸ் ரோபஸ்ரா நிற்கிறது, அவுஸ்திரேலிய இனம். கீழே விழுந்த இலை ஒன்றை வடிவாகப் பாருங்கள். அகலமாய், தோல் போலத் தடிப்பாய், எங்கள் புன்னை இலைக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். ஆனால் நடு நரம்பு இல்லை, மெல்லிய கோடுகள் நீளவாக்கில் ஓடும். கொனிபருக்கு ஊசிதான் இலை என்ற எண்ணம் அந்த ஒரு இலையோடு போய்விடும். போர்ணியோ இனத்துக்கும் இலை அதே சாயல். அடிமரம் நேராகத் தூண் போல, பட்டை செதில் செதிலாய் உதிரும், காயத்தில் பிசின் வழியும். கூம்பு உருண்டை. ஆனால் முற்றினால் மரத்திலேயே உதிர்ந்துபோகும், நிலத்தில் செதில்களைத் தேடுங்கள்.

சரவாக்குக்கு வேறு குடிவரவு முத்திரை உண்டு, கோலாலம்பூரில் குத்தினது போதாது. ஆய்வு என்ற பெயரில் கொப்பு முறிப்பதற்கும் மண் எடுப்பதற்கும் முன்கூட்டியே அனுமதி வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் விழுந்ததைப் பார்த்து, படம் எடுத்து, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நவம்பர் முதல் பெப்ரவரி வரை போகவேண்டாம். எங்களுக்கு மாரி மழை தருகிற அதே வடகீழ்க் காற்று அங்கே கடலைக் குழப்பி, பாதையை முழங்கால் தண்ணீராக்கும்.

முதன்முதல் கெரங்காஸ் பார்க்க பாக்கோ தேசியப் பூங்கா நல்லது. 1957இல் அமைத்தது, கூச்சிங்கில் இருந்து ஒரு நாளில் போய் வரலாம், கடைசித் துண்டு படகில். மணற்கல் மேட்டுக்கு ஏறினால் காடு சட்டென்று குள்ளமாகி, காலடியில் வெள்ளை மணலும் கெண்டித் தாவரமும் வரும். சாப்பாட்டுப் பையைத் திறந்து வைக்காதீர்கள், குரங்கு எங்கள் ஊர்க் குரங்கைவிடத் துணிந்தது. பெரிய அகதிஸ் கூட்டம் பார்க்க ஆசை என்றால் புருணையின் பெலாய்ட் மாவட்டத்தில் படாஸ் பகுதி. பீட் சதுப்புக்குள் மட்டும் தனியே இறங்காதீர்கள். தரை என்று நினைப்பது வேர்ப் பின்னல், இடைவெளியில் கால் தொடைவரை போகும்.

சரி, என் பிழைக்கு வருகிறேன். தம்பி தன் சிநேகிதர் ஒருவரின் ஊர்ப்பக்கம் இருந்த கெரங்காஸ் துண்டு ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். தூரத்தில் ஒரு மரம், தலை இறகு இறகாகத் தொங்குகிறது, கரும்பச்சை. இரண்டு வருடம் திரையில் பார்த்த மரம் என்று நெஞ்சு அடித்தது. கொப்பியில் டக்ரிடியம் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். தம்பி பின்னால் நின்று, "அக்கா, உது எங்கட சவுக்கு மாதிரியெல்லோ கிடக்கு?" என்றான். கணக்காய்வாளர் அவன், தாவரவியல் தெரியாது. "பேசாமல் இரு" என்று சொன்னேன். கிட்டப் போய்க் கீழே கிடந்த ஒரு ஊசியை எடுத்து, பழக்க தோஷத்தில் இரண்டு முனையிலும் பிடித்து இழுத்தேன். டக். கணுவில் கழன்றது. கைவில்லையால் பார்த்தேன், 4 பற்கள். ஜிம்னோஸ்ரோமா நோபிலே, ஊர்ப் பெயர் ரு ரொனாங், சவுக்குக் குடும்பம், கெரங்காஸில் டக்ரிடியத்தோடு சேர்ந்தே நிற்பது. காரைநகர்ச் சவுக்கில் ஏழெட்டுப் பல், இதில் 4. அவ்வளவுதான் வித்தியாசம். தம்பி இன்றைக்கும் நத்தாருக்குத் தொலைபேசி எடுத்தால் முதலில் கேட்பது, "அக்கா, பல்லு எண்ணினியளோ?"

ஆகவே ஊசித்தலை மரம் எதைக் கண்டாலும் பெயர் எழுத முதல் விழுந்த கிளையை இழுங்கள். டக்ரிடியம் கணுவில் கழலாது. சின்ன இலைகள் கிளையைச் சுற்றிச் சுருளாக ஏறியிருக்கும். இளம் கன்றில் இலை நீளமாய் விரிந்து மெத்தென்று இருக்கும், முதிர்ந்த கிளையில் குட்டையாய் ஒட்டியிருக்கும். ஒரே மரத்திலேயே இரண்டும் கிடைப்பதால் இரண்டையும் படம் எடுக்க வேண்டும். விதை கிளை நுனியில் இருக்கும், பைன் கூம்பு மாதிரி ஒன்றும் தேடாதீர்கள்.

மரம் உறுதியானால் குறிக்க வேண்டியவை: நெஞ்சளவில், அதாவது 1.3 மீற்றர் உயரத்தில் அடிமரச் சுற்றளவு, காலடியில் மணலா பீட்டா, ஓடைத் தண்ணீரின் நிறம், எரிந்த கரியின் அடையாளம், கிட்டத்தில் வெட்டிய கட்டைகள். மண் அடுக்கைப் பார்க்கக் கிண்ட வேண்டியதில்லை, ஓடைக்கரை இடிந்த இடத்தில் எல்லாம் தெரியும். படத்தில் அளவுக்கு ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி வையுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் கன்றுகள். பெரிய மரம் பத்து நின்று கீழே ஒரு கன்றும் இல்லாவிட்டால் அந்த இடத்தின் கதை வேறு. மரத்தைச் சுற்றிப் பத்து அடி தூரத்துக்குக் குந்தியிருந்து எண்ணுங்கள், முழங்கால் நோகும்.

படத்தை ஐநேச்சுரலிஸ்ர் என்ற இயற்கைப் பதிவுத் தளத்தில் ஏற்றலாம், ஆபத்தில் உள்ள இனங்களின் சரியான இடத்தை அது தானாகவே மறைத்துவிடும். முகப்புத்தகத்தில் ஆள்கூறோடு போடாதீர்கள். வெட்டுகிறவர்களும் அதே வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

மரத்தைக் காணாவிட்டாலும் வரி எழுதுங்கள். என் பைலில் 41ஆவது வரியில் டக்ரிடியம் என்ற நிரலில் 'இல்லை' என்றும், குறிப்பில் 'இரண்டு மணித்தியாலம் தேடியது, மண் சரி, தண்ணீர் தேத்தண்ணி நிறம், ஜிம்னோஸ்ரோமா மட்டும், 4 பல்' என்றும் இருக்கிறது.